பீரோ தகராறும் இரண்டு கையெழுத்தும்

அன்பும் மரியாதையும் நிறைந்த சித்திக்கு,

அக்கா மகள் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். அம்மாவும் நலம்தான், ஆனால் அதை உங்களுக்குத் தெரிவிக்கக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. அங்கே நீங்கள், சித்தப்பா, வாசலில் நிற்கும் பீரோ, மூவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனை எடுத்தால் அம்மா பக்கத்தில் வந்து நின்று "அவகிட்ட சொல்லு" என்று ஆரம்பிப்பாள். அந்தப் பக்கம் நீங்கள் "உங்கம்மாகிட்ட சொல்லு" என்பீர்கள். ஸ்பீக்கரில் ஒருவர் குரல் மற்றவருக்குத் தெளிவாகக் கேட்கும். இருந்தாலும் நடுவில் நான் ஒவ்வொரு வரியையும் திருப்பிச் சொல்லியாக வேண்டும். மூன்று வருடமாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் இந்தத் தடவை தாளில். இதோடு ஒரு படிவம் வைத்திருக்கிறேன். 'இரண்டாம் தரப்பினர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு, அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் எனக்குக் கிடைக்கும்படி அனுப்புங்கள். அது வராவிட்டால் என் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

நான் படிப்பது புள்ளியியல். கூடவே ஒரு துணைப்பாடமும் எடுக்க வேண்டும் என்றார்கள். புத்தகம் படித்துக் கெட்டுப்போனவள் நான். பட்டியலில் 'அமைதியும் நீதியும்' என்று பார்த்ததும் மனம் உருகிப் பெயர் கொடுத்துவிட்டேன். என் தோழி கணக்குப்பதிவியல் எடுத்தாள். இன்று அமைதியாக இருப்பவள் அவள்தான்.

இந்தத் துறைக்கு ஆசிரியர்கள் இரண்டே பேர். அமைதியை நடத்துபவர் அமைதி சார், நீதியை நடத்துபவர் நீதி மேடம். மாணவர்கள் வைத்த பெயர்கள். இருவருக்கும் ஒரே அறை, நடுவில் ஒரு புத்தக அலமாரி. அலமாரியின் முகம் யார் பக்கம் இருக்க வேண்டும் என்பதில் தகராறு வந்து, இருவரும் பேசிக்கொள்ளாமல் ஏழு வருடம் ஆகிறதாம். மின்விசிறி ஸ்விட்ச் சார் பக்கம், விளக்கு ஸ்விட்ச் மேடம் பக்கம். சார் வகுப்புக்குக் கிளம்பும்போது விசிறியை நிறுத்திவிட்டுப் போவார். மேடம் கிளம்பும்போது விளக்கை அணைத்துவிட்டுப் போவார். ஆகவே அந்த அறையில் எப்போது போனாலும் ஒருவர் வெளிச்சத்தில் வியர்த்துக்கொண்டிருப்பார், அல்லது ஒருவர் இருட்டில் காற்று வாங்கிக்கொண்டிருப்பார். நாடுகளுக்கிடையே எல்லையைப் பங்கிடுவது பற்றி இருவரும் தனித்தனியாகப் புத்தகம் எழுதியிருக்கிறார்கள்.

முதல் நாள் நான் போனபோது சார், "அந்தம்மாகிட்ட சொல்லும்மா, என் பக்கத்து ஜன்னலை நான் திறப்பேன்னு" என்றார். அலமாரிக்குப் பின்னாலிருந்து, "ஜன்னல் துறைக்குப் பொதுன்னு அவர்கிட்ட சொல்லு" என்று பதில் வந்தது. வீட்டுப் பழக்கத்தில் நான் தடுமாறாமல் இரண்டையும் சேர்ப்பித்தேன். சாருக்குக் கண் கலங்கிவிட்டது. "நீ இந்தத் துறைக்குன்னே பொறந்தவம்மா" என்றார்.

வகுப்பில் நாற்காலிகளை வட்டமாகப் போட வேண்டும். போர்டில் எழுதும் பேனா யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம், மற்றவர்கள் கேட்க வேண்டும். சார் அந்தப் பேனாவை ஐம்பது நிமிடம் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, பிறர் பேச்சைக் கேட்பதன் மேன்மையை விளக்கினார். மேடம் வகுப்பில் தப்பு யாருடையது என்று முடிவாகாமல் யாரும் எழுந்து போகக் கூடாது. ஜன்னலோர நாற்காலி யாருக்கு என்று இரண்டு பேரை இரண்டு வாரம் விசாரித்தார். தீர்ப்பு வந்தபோது இருவரும் கணக்குப்பதிவியலுக்கு மாறிப் போயிருந்தார்கள்.

இப்போது செய்முறைத் தேர்வு. நிஜமான தகராறு ஒன்றைப் பிடித்து, தீர்த்து வைத்து, இரு தரப்பும் கையெழுத்திட்ட உடன்படிக்கையைக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் தகராறு தேடித் தெருத்தெருவாக அலைந்தார்கள். எனக்கு அந்தச் சிரமம் இல்லை.

படிவத்தில் நான் எழுதியிருப்பது இதுதான். தாத்தா வீட்டைக் காலி செய்த அன்று, கண்ணாடி வைத்த பீரோவைக் காட்டி அம்மா உங்களிடம் "நீயே எடுத்துக்கோ" என்றாள். நம் குடும்பத்தில் அப்படிச் சொன்னால் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தெரியாதா? "இல்லக்கா, நீயே வச்சுக்கோ" என்று மறுக்க வேண்டும். அம்மா மறுபடி சொல்வாள், நீங்கள் மறுபடி மறுப்பீர்கள். மூன்றாவது சுற்றில் அம்மா வேறு வழியில்லாதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஏற்றுக்கொள்வாள். நீங்களோ முதல் சுற்றிலேயே "சரிக்கா" என்று சொல்லி வேனுக்குப் போன் போட்டுவிட்டீர்கள். அந்தப் பீரோ உங்கள் வீட்டுக் கதவுக்குள் நுழையவும் இல்லை. அது தார்ப்பாய் போர்த்திக்கொண்டு வாசலில் நிற்கிறது, சித்தப்பா செடிக்குத் தண்ணீர் விடும் குழாயை அதற்குள் சுருட்டி வைக்கிறார். இது தெரிந்த நாளிலிருந்து அம்மா கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் "குழாய்!" என்கிறாள்.

அம்மாவோடு சமரசப் பேச்சு நடத்திப் பார்த்தேன். எதிரில் இருப்பவர் சொன்னதை அவருக்கே திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் பாடம்.

"அவ சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்."

"அதாவது, சித்தி சின்ன வயசுலேருந்தே அப்படின்னு நீ உணர்றம்மா."

"உணரலடி, கண்ணால பார்த்திருக்கேன்."

"அதாவது, பார்த்திருக்கிறதா நீ உணர்ற."

"நான் சொன்னதை எனக்கே சொல்றதுக்கு ஒரு படிப்பா? வாயை மூடிட்டு வெங்காயத்தை உரி."

அப்பாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். "நான் அந்தப் பீரோவைப் பார்த்ததே இல்ல" என்றார். அதை வேனில் தூக்கி வைத்த நால்வரில் அவர் ஒருவர். கடைசியில் அம்மா, "முதல்ல அவ போடட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றாள்.

ஆகவே சித்தி, நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டாம். பீரோவைத் திருப்பித் தர வேண்டாம். அம்மாவோடு பேசவும் வேண்டாம். கையெழுத்து மட்டும் போதும். சமாதானம் தாளில் இருந்தால் போதும் என்பதற்கு எங்கள் துறையே உதாரணம்.

சித்தப்பாவுக்கு என் வணக்கம். பீரோவுக்கு அம்மாவின் அன்பு.

இப்படிக்கு,
இரு தரப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட
உங்கள் அக்கா மகள்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்து, ஒட்டுவதற்குப் பசை தேடிப் போன நேரத்தில் அம்மா எடுத்துப் படித்துவிட்டாள். "என்னடி, மூணு சுத்துன்னு எழுதியிருக்க? ரெண்டு சுத்துதான் வழக்கம். அவளையே கேளு" என்றாள். நான் போனைத் தேடுவதற்குள் அவளே உங்களைக் கூப்பிட்டுவிட்டாள். "ஏய், நான்தான். இந்தப் பொண்ணு நம்மளைப் பத்தி என்னெல்லாம் எழுதி வச்சிருக்கா தெரியுமா?"

மிச்சம் உங்களுக்குத் தெரியும். ஒரு மணி நேரம் இருவரும் என்னைத் திட்டினீர்கள், ஸ்பீக்கர் கூடத் தேவைப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா அளவு டேப்போடு உங்கள் வீட்டுக்கு வருகிறாளாம், கதவைக் கழற்றினால் பீரோ உள்ளே போய்விடுமாம். நான் சந்தோஷத்தில் ஓடிப்போய்ப் படிவத்தை நீட்டினேன்.

"சண்டையா? யாருக்கும் யாருக்கும்?" என்றாள் அம்மா.

"உனக்கும் சித்திக்கும்மா!"

"அக்கா தங்கச்சிக்குள்ள என்னடி சண்டை? நடக்காத சண்டைக்குக் கையெழுத்துப் போட நாங்க என்ன பைத்தியமா?"

போனிலிருந்து நீங்கள் "அதானே!" என்றது எனக்குக் கேட்டது, சித்தி.

மறுநாள் துறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். "தகராறே இல்லன்னா நீ எதைம்மா தீர்த்த?" என்றார் சார். "தப்பு யாருதுன்னு எழுதாம இதை வாங்க முடியாது" என்றார் அலமாரிக்குப் பின்னாலிருந்து மேடம். ஏழு வருடத்தில் முதல் தடவையாக இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். நான் தேறக் கூடாது என்பதில்.

எனவே படிவத்தைக் குப்பையில் போடுங்கள். கடிதத்தை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள், குழாய்க்குப் பக்கத்தில் என்றாலும் சரி. நம் வீட்டில் மூன்று வருடம் சண்டை நடந்ததற்கு இனி இது ஒன்றுதான் சாட்சி. இங்கே வைத்திருந்தால் அம்மா கிழித்துவிடுவாள். பிறகு நானே வந்து வாங்கிக்கொண்டு போய்ச் சார், மேடம் மேசையில் வைக்கப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை அம்மா இதைக் கேட்பாள், கேட்டதும் நீட்டிவிடாதீர்கள். இந்தத் தடவையாவது, சித்தி, இரண்டு சுற்று மறுத்துப் பாருங்கள்.