விஷமற்றவை பட்டியலில் ஆறாவது

ஆவண அறையில் பாம்பு பிடிபட்டது ஒரு சாதாரண நிர்வாக நிகழ்வு. அதை எங்கே விடுவது என்ற கேள்வி வந்தபோதுதான் அலுவலகம் முழு வேகத்தில் இயங்கத் தொடங்கியது.

"கட்டுவிரியன் சார். கடிச்சா ஆள் மிஞ்சாது. காட்டுல கொண்டுபோய் விடணும், உத்தரவு போட்டுக் கொடுங்க," என்றார் பாம்பு பிடிப்பவர், கையில் பையோடு.

எழுத்தர் தகவல் பலகையிலிருந்த 'இப்பகுதியின் பாம்புகள்' பட்டியலைப் பார்த்தார். விஷமுள்ளவை ஆறு, விஷமற்றவை ஆறு. விஷமற்றவையில் ஆறாவது, கட்டுவிரியன். பட்டியலைத் தட்டச்சு செய்தவர் சாட்சாத் அவரேதான். விஷமுள்ளவைக்கான இடப்பக்கக் கட்டம் நிரம்பிவிட்டதால், சாரைப்பாம்புக்குக் கீழே காலியாகக் கிடந்த இடத்தில் கட்டுவிரியனைக் குடிவைத்துவிட்டார். பக்கமும் பார்க்க லட்சணமாக இருந்தது. ஓய்வு பெற இன்னும் இரண்டே மாதம். இப்போது போய்த் தப்பு என்று சொன்னால் விளக்கம் கேட்பார்கள், ஓய்வூதியம் இழுபறியாகும்.

ஆனாலும் மனசு கேட்காமல் கண்காணிப்பாளரிடம் போனார்.

"சார், பட்டியல்ல ஒரு சின்னப் பிழை இருக்கும்போல..."

"பிழையா? 'சரிபார்க்கப்பட்டது'ன்னு பதினொரு பேர் கையெழுத்து இருக்கு. முதல்ல உங்களுது, கடைசியில என்னுது. பார்க்காமலா போட்டோம்?"

"பார்த்துத்தான் போட்டோம் சார்."

"அப்போ அதுக்கு விஷம் இல்ல. விஷமில்லாததை என்ன செய்யணும்னு விதி?"

"கோப்பைத் தின்கிற எலியை அது தின்கிறதால, பிடிச்ச இடத்துலயே விட்டுடணும் சார்."

பாம்பு பிடிப்பவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இதெல்லாம் பாம்புக்குத் தெரியுமா சார்?"

"தகவல் பலகையில ஒட்டியாச்சு," என்றார் கண்காணிப்பாளர்.

மதியம் பாம்பு ஆவண அறைக்கு முறைப்படி மீட்டளிக்கப்பட்டது. மூன்று மணிக்குள் பதினொரு பேரும் நாற்காலியில் சம்மணம் போட்டு மக்கள் பணியாற்றிக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அந்த அறைக் கதவை ஒட்டிய பெஞ்சில் காத்திருந்த வெளியாட்களுக்கு மட்டும் கால் தரையில் இருந்தது. சொன்னால் காரணம் கேட்பார்களே.

சாயங்காலம் கணவரோடு சேர்ந்து வீட்டுக்குப் போகலாம் என்று எழுத்தரின் மனைவி வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"காலை மேல தூக்கி வச்சுக்கோ," என்றார் எழுத்தர் மெதுவாக.

"எதுக்கு? வாசல்ல ஒருத்தர் கட்டுவிரியன் அது இதுன்னு பயமுறுத்தினார், அதுக்கா? அதான் விஷமில்லைன்னு பலகையில போட்டிருக்கே. முதல் கையெழுத்தே உங்களுது. வேற யாராவது போட்டிருந்தா நானும் பயந்திருப்பேன்."

சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றிக் காலை நன்றாக நீட்டிக்கொண்டாள்.

எழுத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். அலுவலகம் முடிய இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது.