பதினாறு பக்கத்துக்கு ஒரு தலைப்பு

தலைப்புக்காரர் என்று ஒரு மனித வகை உண்டு. அது நூலகத்தில்தான் இருக்கும் என்று நினைத்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். வங்கியில் இருக்கும், ஆஸ்பத்திரியில் இருக்கும், ஏன், உங்கள் வீட்டு சோபாவிலேயே கால் நீட்டி உட்கார்ந்திருக்கும். எதைக் காட்டினாலும் இது எந்தத் தலைப்பின்கீழ் வரும் என்றுதான் முதலில் பார்க்கும். தலைப்புக் கிடைத்துவிட்டதா? அந்தப் பொருளோடு அதற்கு வேலை முடிந்தது. நமக்குத் தெரிந்தவர் ஒரு நூலகர் என்பதால் அவரை வைத்தே இந்த இனத்தைப் பார்த்துவிடலாம்.

நூலகத்துக்கு ஒரு புத்தகம் வந்தால், அது எதைப் பற்றியது என்று சீட்டில் எழுத வேண்டும். அதற்குப் பெயர் பொருள் தலைப்பு. மனம் போனபடி எழுத முடியாது. தலைமை அலுவலகம் அனுப்பிய தடித்த பட்டியலில் உள்ள தலைப்புதான் செல்லும். பட்டியலில் இல்லாத ஒன்று உலகத்தில் இருக்கலாம், அதை அவர் மறுக்கவில்லை; ஆனால் அது கொஞ்சம் காத்திருக்க வேண்டும். லிஃப்டில் மாட்டிக்கொண்டவரின் அனுபவத்தை 'போக்குவரத்து – செங்குத்து' என்றும், வழுக்கையைப் பற்றிய கவிதைகளை 'தலைமுடி – இன்மை' என்றும் போட்டுவிட்டு, மலையைப் புரட்டிவிட்டவர் போல மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

இது உத்தியோகம். சொந்த ஆசைக்கு அவர் படிப்பது குட்டி இதழ்களை. யாரோ தாங்களே எழுதி, தாங்களே படம் போட்டு, ஜெராக்ஸ் எடுத்து, நடுவில் இரண்டு பின் அடித்து, பெயர்கூடப் போடாமல் நூலக வாசல் பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறார்களே, அவைதான். பக்கத்து வீட்டுப் பூனை சொன்ன பொய்கள், மழையில் காணாமல் போன ஒற்றைச் செருப்புகள் என்று, எந்தப் பட்டியலுக்கும் அடங்காத சரக்கு. அடங்காததை அடக்குவதில் அவருக்கு அப்படி ஒரு ருசி. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு படிப்பார். நாலாம் பக்கத்துக்குள் தலைப்புக் கிடைத்துவிடும், இதழ் மூடிவிடும். ஐந்தாம் பக்கத்தில் என்ன இருந்தது என்று கேட்டால், பாவம், முழிப்பார்.

வீடு மட்டும் தப்புமா? சமையலறையில் 'சர்க்கரை' என்று ஒட்டிய டப்பாவைத் திறந்தால் உள்ளே ஒரு சீட்டு இருக்கும்: 'காண்க: இனிப்புகள்'. சர்க்கரை 'இனிப்புகள்' டப்பாவில் இருக்கும். பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் நாள் முழுக்க அடுத்தவர் பல்வலியைக் கேட்டுவிட்டு வரும் அவர் மனைவி, ஒரு டீ போட இரண்டு டப்பாக்களைத் திறக்க வேண்டும். அலுத்துப்போய் ஒருநாள் அழுதுவிட்டாள். அதையும் அவர் விடவில்லை.

"இது துக்கமா, குடும்பத் தகராறா? ரெண்டும் ஒரே தலைப்புல வராதும்மா."

"உங்ககூடக் கொஞ்சம் பேசணுங்க."

"எதைப் பத்தி?"

எதைப் பற்றி என்று ஒரே வார்த்தையில் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. கல்யாணமாகிப் பதினொரு வருஷமாக அந்தப் பேச்சு தொடங்கவே இல்லை.

கடைசியில் அவள் ஒரு காரியம் செய்தாள். மனுஷன் ஆசையாகப் படிப்பது குட்டி இதழைத்தான். சரி, அதிலேயே சொல்லிவிடுவோம் என்று பதினாறு பக்கத்தில் ஒன்றைத் தானே தயாரித்தாள். டப்பாக்களை வரைந்தாள், சாப்பாட்டு மேசையை வரைந்தாள், இதழுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஒரு மூக்குக்கண்ணாடியை வரைந்தாள். கடைசிப் பக்கத்தில், "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை பார்ப்பேன். அதற்குள் நீங்கள் என்னிடம் வந்து பேசாவிட்டால் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். திரும்பி வருவேன் என்று சொல்ல முடியாது" என்று எழுதினாள். பெயர் போடவில்லை. கூடவே குடித்தனம் நடத்துகிறவருக்குப் பெயர் வேறு வேண்டுமா? திங்கட்கிழமை வேலைக்குப் போகிற வழியில் பெட்டியில் போட்டாள்.

அதிசயத்தைக் கேளுங்கள், அவர் நாலாம் பக்கத்தில் நிற்கவில்லை. பதினாறையும் படித்தார். இரண்டு தடவை படித்தார். கண் கலங்கிவிட்டது. ஆனால் தலைப்பு? பட்டியலில் 'மனைவி' என்று தேடினால் 'காண்க: பெண்கள் – திருமணமானவர்கள்' என்றது. அங்கே போனால் உடை இருந்தது, உடல்நலம் இருந்தது, சேமிப்பு இருந்தது. பேச ஆளில்லாமை மட்டும் இல்லை. மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. வியாழக்கிழமை பொறுக்க மாட்டாமல் இதழை வீட்டுக்கே எடுத்துவந்து மனைவி கையில் கொடுத்தார். பேசத்தான் வந்திருக்கிறார் என்று அவள் அடுப்பை அணைத்தாள்.

"படிச்சுப் பாரு. எவளோ ஒரு பொண்ணு, பாவம். ஒரு கல்லுளிமங்கன்கிட்ட மாட்டிக்கிட்டு என்ன பாடு படறா!"

"யாருன்னு தெரியலையா?"

"பேர் போடலையே."

"டப்பாவுக்கெல்லாம் சீட்டு ஒட்டறானாமே அந்தாளு. நீங்களும்தானே ஒட்டறீங்க?"

"நல்லா இருக்கே! படத்தைப் பாரு. சர்க்கரை டப்பாவுல 'காண்க: சுவைகள்'னு போட்டிருக்கான். நான் அப்படிப் போடுவேனா? சுவைங்கறது புலன்கள்ல வரும். இவன் பட்டியலையே பாக்காதவன்."

அவசரமாக வரைந்ததில் ஒரு சின்னப் பிசகு. அந்தச் சந்தில் மனுஷன் தப்பித்துக்கொண்டார்.

"சரி, என்ன தலைப்புக் கொடுத்தீங்க?"

"கற்பனைக் கதைகள். நிஜத்துல இப்படி ஒரு ஜென்மம் இருக்குமா?"

மறுநாள் சாயங்காலம் அவள் துணிகளை எடுத்து வைத்தாள். அக்கா வீட்டுக்கு என்றாள். அவரைக் குறை சொல்லக் கூடாது. பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்தார். வழியெல்லாம் அந்த இதழின் பெருமைதான். பஸ் வந்தது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு அவள் திரும்பினாள்.

"அந்தப் பொண்ணு என்ன பண்ணணும்னு நினைக்கிறீங்க?"

"போயிடணும்," என்றார், தயக்கமே இல்லாமல். "இன்னைக்கே போகணும். அப்பதான் அவனுக்கு உறைக்கும்."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா. நீ ஜன்னல் ஓரமாப் பாத்து உட்காரு."

அவள் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பியது. அவரோ, பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக மனைவியோடு மனம் விட்டுப் பேசிய திருப்தியில், பஸ் மறையும் வரை கையாட்டிக்கொண்டிருந்தார்.

சிரித்தீர்களா? சிரிக்கும்போது யார் முகம் ஞாபகம் வந்தது? மாமனாரா, மேலதிகாரியா, மாடி வீட்டுக்காரரா? நல்லது. அவருக்கும் பதினாறு பக்கமும் வேறு யாரோதான் ஞாபகத்துக்கு வந்தார்கள். எதற்கும் ஒன்று கேட்டு வைக்கிறேன்: இந்தப் பக்கம் தானாக உங்கள் கையில் கிடைத்ததா, இல்லை, வீட்டில் யாராவது பிரித்து, உங்கள் கண்ணில் படுகிற மாதிரி மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்களா?