லிண்ட்னரின் உடல் வெப்பம்

மாலைக் காப்பிக் கோப்பைகளைப் பணிப்பெண் பெர்த்தா அம்மாள் எடுத்துச் சென்ற சற்று நேரத்தில், அன்றும் அளவுமானியின் முள் துள்ளியது.

டாக்டர் வீகண்ட் இருட்டறையில் பெருமூச்சுவிட்டார். எதிரே, உட்புறம் கரி பூசிய பீங்கான் குழல் மின்சாரத்தால் கனன்றுகொண்டிருந்தது. அதன் சிறு துளை வழியே வரும் வெப்பக் கதிரை ஒரு மெல்லிய தகடு ஏற்கும். முள் அளவு காட்டும். அக்குழலைப் போன்ற முழுமையான கரும்பொருள் எதனால் ஆனது என்பது அக்கதிருக்குப் பொருட்டன்று. எவ்வளவு சூடு என்பதே பொருட்டு. அதற்கான அளவீடுகள் கிறிஸ்துமஸுக்குள் முடியாவிடில், பெர்லினின் அந்த ஆய்வறை வேறொருவருக்குப் போய்விடும். வேறு சூடு எதுவும் அளவில் கலந்துவிடாதிருக்கவே பனிக்காலத்திலும் கணப்பை அணைத்து வைத்திருந்தார்.

ஆகவே அறையில் ஐயத்துக்குரிய சூடான பொருள் ஒன்றுதான்: அளவுகளைக் குறித்துக்கொண்டிருந்த நண்பர் லிண்ட்னர். பருத்த உடம்பு. வாத்துக் கொழுப்பு தடவிய ரொட்டியை அப்போதுதான் முடித்திருந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க லிண்ட்னர். கொஞ்சம் தள்ளி உக்கார முடியுமா?"

"எவ்வளவு தள்ளி?"

"சுவர் வரைக்கும்."

"நீங்க மட்டும் என்ன பனிக்கட்டியா, டாக்டர்?"

"நான் காலையிலேருந்து ஒரே சூட்டுல இருக்கேன். சாப்பிட்டதும் சூடேறுறது நீங்கதான்."

மறுநாள் அவரைப் பளபளக்கும் தகரத் தட்டிக்குப் பின்னால் அமர்த்தினார். தகரம் எதையோ பிரதிபலிக்க, முள் முன்னிலும் உயரத் துள்ளியது.

"இதுக்குள்ள நானே வெந்துடுவேன் போலிருக்கே" என்றார் லிண்ட்னர்.

அடுத்து நடைவழிக்கு அனுப்பினார். சாவித்துளை வழியே வீகண்ட் அளவுகளைக் கூவ, அவர் வெளியே குறித்தார். அப்போதும் முள் துள்ளியது. கூச்சல் கேட்டு இயக்குநரே வந்து விசாரித்தார். வீகண்ட் மிகுந்த பணிவுடன், நண்பரின் உடலமைப்பு கதவையும் தாண்டி அறிவியலுக்கு ஓர் இடையூறாக இருப்பதை எடுத்துரைத்தார்.

லிண்ட்னர் பிரெஸ்லாவ் நகருக்கு மாற்றப்பட்டார். விடைபெறும்போது அவர் சிரிக்கவில்லை.

"கால் விறைச்சுப் போகாம பாத்துக்குங்க, டாக்டர்."

குத்திக்காட்டுகிறார் என்றே வீகண்ட் எண்ணினார். அவ்வாண்டு அவருக்குக் கால் விறைக்கவே இல்லை. அதை ஆராய்ச்சி ஆர்வத்தின் பயனாகக் கருதியிருந்தார்.

மறுநாள் மாலை தனியே அமர்ந்து காப்பி குடித்தார். கோப்பை போயிற்று. முள் துள்ளியது.

வீகண்ட் எழுந்து, எதிர்ச் சுவரோரம் கிடந்த வெற்று நாற்காலியை நெடுநேரம் பார்த்தார். பிறகு தம்முடைய நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார்.

"மெதுவா டாக்டர், சுட்டுடும்" என்றார், மறந்த கரண்டிக்காகத் திரும்பி வந்த பெர்த்தா அம்மாள். "டாக்டருக்குக் கால் விறைக்குது, வெக்கப்பட்டுக் கேக்கமாட்டார், நீங்களே ஏதாவது செய்யுங்கன்னு லிண்ட்னர் ஐயா குளிர் ஆரம்பிச்சப்பவே சொன்னாரு, அதான் கோப்பை எடுக்க வர்றப்போ தினமும் உங்க நாற்காலிக்கு அடியில சுடுசெங்கல் வெச்சுட்டுப் போறேன்."