ஊசி ஐயாவும் மூன்று படிகளும்

பாரிஸின் லா ஷப்பேலில் யாராலும் அசைக்க முடியாதவை இரண்டு: மெட்ரோ மேம்பாலம், ஊசி ஐயா. மெட்ரோ போகும்போது பாலமாவது கொஞ்சம் ஆடும்.

ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில், என் பலசரக்குக் கடைக்கு அடுத்த கதவில் தையல் மெஷின் திருத்துபவர் அவர். யூதர். சக்கர நாற்காலியில் இருப்பவர். எங்கள் தையல்காரர்களோடு இருபது வருடம் சண்டை பிடித்தே யாழ்ப்பாணத் தமிழ் பழகியவர். பெண்களையும் ‘அண்ணை’ என்றுதான் அழைப்பார். திருத்த யாருக்கும் துணிவில்லை.

எதிரே சிறிய யூத ஜெபக்கூடம். வாசலில் மூன்று படிகள். ஒவ்வொன்றும் பதினேழு சென்டிமீட்டர், நானே அளந்தேன். வியாழன்தோறும் காலை ஏழு நாற்பதுக்கு ஐயா முதல் படியடியில் போய் நிற்பார். நான்கு பேர் தூக்க இறங்கி வருவார்கள்.

“நான் என்ன ஃப்ரிட்ஜோ?”

இதைத் தமிழில் என்னிடமும் பிரெஞ்சில் அவர்களிடமும் கேட்பார். சாய்தளம் போடச் சொல்வார். அடுத்த கூட்டத்தில் பேசுவோம் என்பார்கள். தூக்க விடாமல் திரும்பி வந்து என்னோடு தேத்தண்ணி குடிப்பார்.

ஒரு வியாழன் அவருடைய அப்பாவின் நினைவு நாள். அப்பாவுக்கான பிரார்த்தனையைச் சொல்லப் பத்து ஆண்கள் ஒன்றாக நிற்க வேண்டும். அது அவர்கள் முறை. அன்று உள்ளே ஒன்பது பேர். பத்தாவது ஆள் தெருவில், தூறலில்.

“இண்டைக்கு மட்டும் தூக்க விடுங்கோவன், ஐயா. அப்பாவின்ரை நாளெல்லே?”

“அப்பாவைத் தூக்கினவை, அண்ணை. செத்தாப் பிறகு. எனக்கு இன்னும் அந்த நேரம் வரேல்லை.”

கை சக்கரத்தை விடவில்லை.

எட்டு நிமிடம் போனது. கதவு திறந்து, ஜெபக்கூடத்தின் முதிய தலைவர் கைத்தடியோடு இறங்கினார். பின்னால் எட்டுப் பேர். தூக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் நாற்காலியைத் தொடவில்லை. நடைபாதையில் அவரைச் சுற்றி நின்று, மழையிலேயே பிரார்த்தனையைத் தொடங்கினார்கள்.

எனக்கு வெண்டிக்காய்ப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்த லொறிக்காரர் எஞ்சினை நிறுத்தினார். ஐயா அப்பாவுக்கான வரிகளைச் சொல்ல, ஒன்பது குரல்கள் ‘ஆமென்’ என்றன.

மூன்று வாரத்தில் சாய்தளம் வந்தது. அடுத்த வியாழன் ஐயா தானே உருட்டி ஏறினார். வாசலில் நிறுத்தி, உள்ளே எத்தனை பேர் என்று தலைவரிடம் கேட்டார். பதினாலு என்றார் அவர்.

ஐயா என் பக்கம் திரும்பித் தெருவுக்கே கேட்கக் கத்தினார்:

“கேட்டியளே, அண்ணை? நான் இல்லாமலே ஆக்கள் போதுமாம்!”

சிரித்துக்கொண்டே பதினைந்தாவது ஆளாக உள்ளே போனார்.

அந்தச் சாய்தளத்தையே பார்த்துக்கொண்டு நின்றதில், எட்டு மணிக்குத் திறக்கும் கடையை அன்று பதினொரு நிமிடம் பிந்தித் திறந்தேன்.