பறக்கும் எருமையின் செக்லிஸ்ட்

ஃபோர்க்லிஃப்ட் வண்டியில் தொங்கிய அட்டையைப் பார்த்ததும் சூப்பர்வைசர் மணிவேல் பதறிப்போய் அதைக் கையில் எடுத்தான்.

'பறக்கும் எருமை: ஏறுமுன் சரிபார்க்க வேண்டியவை' என்று தலைப்பு. கீழே மேனேஜர் மோகன்குமாரின் கையெழுத்து. பக்கத்தில் சிவப்பாக 'அங்கீகரிக்கப்பட்டது' சீல்.

எழுதியவன் சாட்சாத் மணிவேலேதான். ஞாயிற்றுக்கிழமையானால் ஓசூர் ரூமில் மூன்று நண்பர்களோடு உட்கார்ந்து, அவன் கற்பனை செய்த மாய உலகத்தில் ஆளுக்கொரு வீரனாக மாறிச் சண்டை போடும் விளையாட்டு ஆடுவது வழக்கம். "றெக்கை வெச்ச குதிரை, டிராகன்னு எத்தன நாளைக்குடா? நம்மூரு மிருகத்தப் பறக்க விடு" என்று அவர்களில் ஒருவனான ஆனந்த் சலித்துக்கொள்ள, எருமையைப் பறக்கவிட்டான். அதில் ஏறிப் பறப்பதற்கான விதிகளைக் கைக்குப் பழகிய ஒரே வடிவத்தில், கம்பெனி செக்லிஸ்டாகவே அடித்தான். ஆபீஸ் பிரிண்டரில் எடுத்த தாள் காணாமல் போனது. போகட்டும் என்று வேறொன்று எடுத்துக்கொண்டான். காணாமல் போன தாள் கையெழுத்துக்குப் போகும் கட்டோடு சேர்ந்து மேனேஜர் மேசைக்குப் போயிருக்கிறது! ஒரு மாதமாக இங்கே தொங்குகிறது. பாவிகளா, ஒருத்தராவது படித்திருக்கக் கூடாதா?

இன்றைக்குப் பார்த்து ஆடிட். பெங்களூரு கஸ்டமர் கம்பெனியிலிருந்து பிரியதர்ஷினி மேடம் வருகிறார். ஒழுங்காக முடிந்தால் மணிவேலுக்குப் பர்மனென்ட் ஆர்டர். சொதப்பினால் மூன்று வருடக் கான்ட்ராக்டுக்கு ஒரு பெரிய கும்பிடு.

தாளை உருவிச் சட்டைக்குள் திணித்துவிட்டு, பழைய செக்லிஸ்டைத் தேடி மாட்டினான்.

மற்றப் பிரிவுகளை முடித்துவிட்டு மேடம் வந்தார். அட்டையைப் புரட்டினார்.

"என்ன இது? சீல் இல்ல, தேதி போன வருஷத்துது. இப்ப நடப்புல இருக்கற தாள் எங்கே?"

"சீலுக்குப் போயிருக்குங்க மேடம்."

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது, சரி. சீல் போடுகிறவரே அடுத்த நிமிஷம் எதிரில் வந்து நிற்பார் என்று எந்தப் பழமொழியும் சொல்லவில்லையே!

"எங்கிட்டயா?" என்றார் மோகன்குமார். "போன மாசமே வரிக்கு வரி படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்டேனே! மணிவேல், சட்டைக்குள்ள என்னய்யா துருத்திக்கிட்டு இருக்கு?"

எடுத்துக் கொடுத்தான். மேனேஜர் தலைப்பைப் படித்தார். முகம் கறுத்தது. வரிக்கு வரி படித்ததாக இப்போதுதான் சொன்ன வாய், உடனே எப்படி மாறும்?

"நல்ல... நல்ல தாள்தான் மேடம்."

மேடத்துக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. "நீங்களே படிச்சுச் சொல்லுங்க. மொதல் வரி?"

"தீனி... அதாவது, பேட்டரி சார்ஜ்" என்றார் மோகன்குமார்.

"டிக் இருக்கு. ரெண்டாவது?"

"கொம்பு... பாரம் தூக்கற ரெண்டு கம்பிங்க மேடம்."

"டிக். மூணாவது?"

"சாணி... தரையில ஒழுகற ஆயில்."

"டிக்."

நாலாவது வரியில் மேடம் விரல் நின்றது. இருபத்தாறு நாளும் பெருக்கல் குறி.

மேடத்தின் முகம் மலர்ந்தது. "காலையிலேருந்து நூறு தாள் பார்த்தாச்சு. எல்லாத்துலயும் கண்ண மூடிட்டு டிக். இது ஒண்ணுதான் வண்டியப் பாத்து எழுதுனது. யாரு டிரைவர்?"

நல்லுசாமி தொப்பியைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஆனா குறை தெரிஞ்சும் ஒரு மாசம் சும்மா இருந்தீங்கன்னா, இந்த ஒரு வரியிலயே ஆடிட் ஃபெயில். என்ன பாகம் அது? என்ன நடவடிக்கை எடுத்தீங்க?"

மணிவேலுக்கு அந்த வரி மனப்பாடம். நாலாவது வரி, 'இறக்கைகள் இரண்டும் உறுதியாக உள்ளனவா?' பர்மனென்ட் ஆர்டர் போயே போச்சு.

நல்லுசாமி அசரவே இல்லை.

"றெக்கைங்க மேடம். வண்டியில இல்லன்னு மொத நாளே ஸ்டோர்ல எழுதிக் குடுத்தேன், மேனேஜர் சாரும் கையெழுத்துப் போட்டாரு. போன வாரம் வந்துருச்சுங்க. ரெண்டும் எடது பக்கத்துதாவே அனுப்பிட்டானுங்க, அதான் இன்னும் மாட்டல."