சாம்பிள் அண்ணாச்சி பரிசோதித்த பட்டப்படிப்பு

தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்து இறங்கிய எந்தச் சரக்கும், அந்த ஊரில் அடுப்பேறிய எந்தப் பண்டமும் சாம்பிள் அண்ணாச்சியின் விரலுக்குத் தப்பியது கிடையாது.

அவருக்குச் சரக்கு சர்வே கம்பெனியில் வேலை. கப்பலில் நிலக்கரியோ பருப்போ வந்தால், வாங்குகிறவர் சார்பில் மாதிரி எடுத்து, பையில் போட்டு, சீல் வைத்து, அறிக்கை எழுத வேண்டும். குவியலின் மேலே கொஞ்சம், நடுவில் கொஞ்சம், அடியில் கொஞ்சம். "மேல உள்ளத மட்டும் பாக்கிறவன் ஏமாளி வே" என்பார், என்னைப் பார்த்து. அடுத்த அறையில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் நான் குமாஸ்தா. ஏமாளிக்கு வேறு எங்கே போக வேண்டும்?

பழக்கம் ஆபீஸோடு நிற்கவில்லை. பேக்கரியில் மக்ரூன் வாங்கப் போனால் டப்பாவின் மேலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று தின்று பார்ப்பார். "டப்பாவையும் கடிச்சிப் பாத்துருங்க அண்ணாச்சி" என்றார் கடைக்காரர் ஒரு நாள். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் முதல் ஐந்து நிமிடம், நடுவில் ஐந்து, கடைசியில் ஐந்து கேட்பார். இடைவெளிகளில் நல்ல தூக்கம். வெளியே வந்ததும் போதகர் கையைப் பிடித்துக் குலுக்கி, "சராசரி நல்லாயிருந்துச்சிய்யா" என்பார்.

பத்திரிகைக்கு நான் எழுதிய கட்டுரை ஒன்றையும் அப்படித்தான் படித்தார். "நடுவுல ஈரம் கூடுதலா இருக்கு வே. ரெண்டு நாள் காயப்போட்டு அனுப்பும்." காயப்போட்டேன். காய்ந்ததில் பாதிதான் மிஞ்சியது.

என் மகள் ஜெபா ப்ளஸ் டூ முடித்துவிட்டு, "பயோகெமிஸ்ட்ரி படிக்கப் போறேன்" என்றாள். ஒரு கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் சேர வேண்டும். இல்லையென்றால் இடம் அடுத்தவருக்கு. என் மனைவியைப் பொறுத்தவரை கம்ப்யூட்டர் தவிர வேறெதுவும் படிப்பே இல்லை.

"மூணு வருசம் படிச்சிட்டு வேலை இல்லாம வீட்டுல உக்காந்தா யாரு பொறுப்பு? சொல்லுங்க!"

நான் மின்விசிறியைப் பார்த்தேன். எனக்கும் வேதியியலுக்கும் உள்ள உறவு பள்ளியோடு முறிந்தது. நான் கலந்த உப்புக் கரைசல் நிறம் மாறவே மாறாது. வாத்தியார் முகம்தான் மாறும்.

வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டில் இதை அண்ணாச்சியிடம் சொல்லி அழுதேன். என் டிபன் பாக்ஸின் அடியில் விரலை விட்டுக்கொண்டே கேட்டார்.

"சரக்கைப் பாத்தீரா வே?"

"கல்லூரியில குடுத்த விளம்பரப் புத்தகம் இருக்கு அண்ணாச்சி. நல்ல கலர்ல..."

"அது விக்கிறவன் குடுத்த சாம்பிள். நாளைக்கு லீவு போடும்."

மறுநாள் காலை ஜெபா, நான், அவர் மூவரும் கல்லூரியில் நின்றோம். துறைத்தலைவர் பொறுமைசாலி. ஆய்வுக்கூடத்தைத் திறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த புது இயந்திரத்தைப் பெருமையோடு காட்டினார். அண்ணாச்சி பெட்டியின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்து, விரலை வெளிச்சத்தில் பிடித்தார்.

"பிளாஸ்டிக் உறையே இன்னும் கழட்டலயே சார். பிள்ளைங்க இத தொடுதாங்களா, கும்பிடுதாங்களா?"

துறைத்தலைவர் இருமினார். ஆனால் மூலையில், கரைசலின் நிறத்தை அளக்கிற பழைய கலரிமீட்டரைப் பார்த்ததும் அண்ணாச்சி குனிந்துவிட்டார். அதன் குமிழைச் சுற்றி இருந்த எண்கள் எல்லாம் தேய்ந்து அழிந்திருந்தன. "இது வேலை செஞ்ச மிஷினு. எத்தனை பிள்ளைங்க கை பட்டிருக்கு பாரும்" என்றார், குழந்தையைத் தடவுவதுபோல் அதைத் தடவியபடி.

பிறகு, படித்து வெளியேறியவர்களின் பட்டியல் கேட்டார். முதல் வகுப்பில் தேறியவர்கள் பட்டியல் வந்தது.

"இது மேல் சரக்கு. அடிச் சரக்கு எங்க சார்?"

துறைத்தலைவருக்கு அப்படி ஒரு பட்டியலே தெரியவில்லை. அண்ணாச்சி நேரே கேன்டீனுக்குப் போனார். "அரியர் வச்சவனெல்லாம் எனக்கு மனப்பாடம்" என்றார் டீ மாஸ்டர். "தேறினவன் லைப்ரரிக்குப் போயிருவான். மத்தவன் இங்கனதான் கெடப்பான்."

மேல் சாம்பிள் பெங்களூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் இருந்தாள். போனில் பேசினாள். "பி.எஸ்சி.யோட நின்னிருந்தா இந்த வேலை இல்ல அங்கிள். எம்.எஸ்சி. கண்டிப்பா படிக்கணும். அதுக்கு நுழைவுத் தேர்வு இருக்கு. மொத வருசத்துலயே மனசுல வச்சிக்கச் சொல்லுங்க."

நடு சாம்பிளை உள்ளூரிலேயே ஓர் இறால் ஏற்றுமதி ஆலையின் வாசலில் பிடித்தோம். இறாலில் மருந்து மிச்சம் இருக்கிறதா என்று சோதிக்கிற வேலை. "வேலை நல்ல வேலைதான். நானு இறால் திங்கிறத விட்டுட்டேன், அவ்வளவுதான்" என்றாள் சிரித்துக்கொண்டே.

அடி சாம்பிள் துறைமுகச் சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் உட்கார்ந்து சரக்குப் பத்திரங்கள் அடித்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"எதுக்குலே இந்தப் படிப்புல சேந்தே?" என்றார் அண்ணாச்சி.

"ஆஸ்பத்திரி லேப்ல வேலை கிடைக்கும்னு நெனச்சேன் அண்ணாச்சி. அங்கன போனா லேப் டெக்னீசியன் படிப்பு தனியா வேணும்னு சொல்லுதான். மொதல்லயே ஒருத்தராவது சொல்லியிருந்தா..." என்றவன் ஜெபாவைப் பார்த்தான். "நீ எதுக்குத் தங்கச்சி சேருத?"

"சாப்பிடுற சோறு உள்ள போயி என்ன ஆகுதுன்னு தெரியணும்ணே" என்றாள் அவள்.

"எனக்கு அப்படி ஒண்ணும் தோணவேயில்ல" என்றான். கோபமாக இல்லை. தன்னைப் பற்றி அப்போதுதான் ஒரு தகவல் கிடைத்தவன்போலச் சொன்னான். அண்ணாச்சி அவன் தோளைத் தட்டிவிட்டு வந்தார்.

ஞாயிறு மாலை வீட்டுக்கு வந்தார். கையில் கம்பெனித் தாளில் அறிக்கை. என் மனைவி காபியை அவர் முன்னால் வைத்துவிட்டு, அதை வாங்கிச் சத்தமாகப் படித்தாள்.

"சரக்கு: நல்ல நிலை. குறை: பட்டம் மட்டும் போதாது, மேற்படிப்பு தேவை. ஆஸ்பத்திரி லேப் வேலைக்கு இது பொருந்தாது. பழைய கருவிகள் நல்ல பழக்கத்தில் உள்ளன. எடை: இறங்குமிடத்தில்தான் தெரியவரும்."

"சேக்கலாமா வேண்டாமான்னு இதுல எங்கன அண்ணாச்சி இருக்கு?"

"அத சர்வேயர் சொல்லப்பிடாது தாயி. சரக்கு வாங்குறவதான் சொல்லணும்" என்று ஜெபாவைக் காட்டினார்.

"நான் சேருதேம்மா. எம்.எஸ்சி.யும் படிப்பேன்" என்றாள் ஜெபா.

"நாளைக்கு ஒண்ணும் ஆகலன்னா? யாரு பொறுப்பு?" மனைவியின் குரல் உடைந்தது. அவள் அதட்டியதெல்லாம் பயம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அண்ணாச்சி தாளின் அடிப்பக்கத்தை விரலால் காட்டினார். சர்வே அறிக்கைகளின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி அச்சிட்டிருக்கும்: 'இதன்பேரில் எடுக்கும் முடிவுகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல.' அந்த வரியை நம்பித்தான் அந்தத் தொழிலே நடக்கிறது. அதை அவர் ஸ்கேல் வைத்து, நீல மையில், நேராகக் கோடு போட்டு அடித்திருந்தார். பக்கத்தில் தன் கையெழுத்து.

மனைவி அந்த நீலக் கோட்டை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு, "காபி ஆறிப்போச்சு. வேற போட்டுக் கொண்டாரேன்" என்று எழுந்து போனாள்.

ஜெபா இப்போது இரண்டாம் வருடம். வேலை கிடைக்குமா என்று இன்னும் யாருக்கும் தெரியாது. ஆனால் அன்று நான் பேனாவை வாங்கி, அவர் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தையும் போட்டேன். பெற்றவன் நான் இரண்டாவது ஆளாகத்தான் வந்தேன். அந்த மனுசனுக்குப் பின்னால் வருவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.