பெண் பார்க்கப் போன கார்

ஆசைப்பட்ட பொருள் கைக்கு வரும்வரை மனிதனுக்கு ஒருவித நிம்மதி இருக்கிறது. வந்த பிறகுதான் அது போய்விடுகிறது. ஞானிகள் இதனை வேறு சொற்களில் சொல்லியிருக்கக்கூடும். ஆனால் அவர்களுள் எவரும் கூரை மடங்கும் கார் வாங்கியதில்லை.

நான் வாங்கினேன். வயது முப்பத்து மூன்று; மணமாகவில்லை; நெற்றி மேல்நோக்கி வளரத் தொடங்கியிருந்த காலம். இரண்டே இருக்கைகள் கொண்ட அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், யாரோ ஒருவர் ஆண்டு அனுபவித்து விற்றது. பொத்தான் ஒன்றை அழுத்தினால் அதன் கறுப்புத் துணிக்கூரை எழுந்து, வளைந்து, மடிந்து, இருக்கைகளுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும். அந்தப் பொத்தானுக்காகவே வாங்கினேன் என்பதை இப்போது ஒளிப்பதில் பயனில்லை.

ஸ்காபரோவின் ரூஜ் பகுதியில் உள்ள எங்கள் வீட்டு வாசலில் அதைக் கொண்டுவந்து நிறுத்தியபோது அம்மா சுற்றிவந்து பார்த்தார்.

"கூரை எங்கையடா?"

"மடிச்சு வைச்சிருக்கு, அம்மா."

"சரி. கலியாணம் கட்டினால் பெண்சாதி பக்கத்திலை இருப்பாள். பிள்ளையள் எங்கை இருக்கிறது? நான் எங்கை இருக்கிறது? கூரையோடை என்னையும் மடிச்சு வைக்கப்போறியோ?"

பக்கத்து வீட்டு அங்கிள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, மேல்மூடி வாங்கக் காசு காணாமல் போச்சோ?" என்று பரிவோடு விசாரித்தார். (அவர் பகிடிக்குத்தான் சொன்னார் என்று இன்றுவரை எனக்கு உறுதியில்லை.)

முதல் வாரம் நான் மனிதனாக இருக்கவில்லை. மிசிசாகாவில் உள்ள அலுவலகத்திற்கு நெடுஞ்சாலையில் கூரை திறந்து போனேன். பெருஞ்சரக்கு லொறிகளின் சக்கரங்கள் என் காதுக்கு நேரே உருண்டன. அலுவலகத்தில் அரைமணிக்கொரு தடவை சன்னலுக்குப் போய், கார் நிற்கிறதா, மேகம் வருகிறதா, கடற்பறவை ஏதும் மேலே பறக்கிறதா என்று பார்த்தேன். வீட்டுக்கு வந்தால் அணில்களின் மீது சந்தேகம். வண்டிக்குள் எங்கோ 'டிக்' என்றொரு சத்தம் கேட்டது. அதைத் தேடி ஒவ்வோர் இடமாகத் தட்டிப் பார்த்தேன். ஈற்றில் அது என் சாவிக்கொத்து. போதாக்குறைக்கு அது கையால் கியர் மாற்றும் வண்டி. எனக்கு அந்தக் கலை, நீச்சலைப் புத்தகத்தில் படித்தவனுக்குக் குளம் எப்படியோ அப்படி.

இந்த நிலையில்தான் சின்னம்மாவின் தொலைபேசி வந்தது. இரண்டு ஆண்டுகளாக எவருடைய சாதகத்தோடும் ஒத்துப்போகாமல் அடம்பிடித்த என் சாதகம், மைதிலி என்ற பெண்ணின் சாதகத்தோடு பொருந்திவிட்டதாம். பெண் இயன்முறை மருத்துவர். மூட்டு, முதுகு, கழுத்து இவற்றைச் சரிசெய்பவர். படம் அனுப்பியிருந்தார்கள். பார்த்தேன். சன்னலுக்குப் போகாமல் ஒரு முழு மணிநேரம் இருந்தேன் என்றால் என் மனநிலை விளங்கும். இந்தச் சம்பந்தம் தவறினால் இனி இல்லை என்று அம்மா நினைத்தார். தவறக்கூடாது என்று நான் நினைத்தேன்.

எங்கள் ஆட்கள் இங்கே பெண் வீட்டுக்குப் போய்ப் பலகாரம் தின்று பெண் பார்ப்பது அருகிவிட்டது. இரு குடும்பமும் கோயிலில் 'தற்செயலாக'ச் சந்திக்கும். பிடிக்கவில்லையென்றால் யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லாரும் சுவாமியைத்தான் பார்த்தார்கள்.

அம்மா இதில் ஒரு சிக்கனத்தைக் கண்டார். "காருக்கும் இன்னும் பூசை செய்யேல்லை. அண்டைக்கே செய்விப்பம். நாங்கள் ஏன் வந்தனாங்கள் எண்டதுக்கு ஒரு சாட்டும் ஆச்சு."

ஞாயிறு காலை, ஸ்காபரோவில் ஒரு கோயிலின் வாகனத் தரிப்பிடம். சந்தனம், குங்குமம், சக்கரங்களின் கீழ் தேசிக்காய், முன்பக்கத்தில் ஒரு மாலை. ஐயர் திருப்தியோடு தலையசைத்தார். அம்மாவுக்குத் திருப்தியில்லை.

"தலைக்கு மாலை போடேல்லையே, ஐயா?"

"காருக்குத் தலை எது, அம்மா?"

"கூரைதானே!"

கூரையோ பின்னால் மடிந்து கிடந்தது. தலை எங்கே கிடந்தாலும் தலைதான் என்று ஐயரும் ஏற்றுக்கொண்டார். வாழைநாரில் தொடுத்த இரண்டாவது மாலை, மடிந்த கூரையின் மேல் குறுக்காகச் சாத்தப்பட்டு, இருபுற மடிப்புகளிலும் கவனமாகச் செருகப்பட்டது. செருகியவன் நான்.

பெண் வீட்டார் வந்து சேர்ந்ததும் நான் தேசிக்காய்களை நசிக்க வேண்டிய கட்டமும் ஒன்றாக அமைந்தன. கிளச்சை விட்டேன். வண்டி ஆட்டுக்குட்டிபோல் ஒரு துள்ளுத் துள்ளி, உயிரைவிட்டது. ஐயர் செம்போடு பின்வாங்கினார். மைதிலியின் தகப்பனார், "நல்ல பிக்கப்," என்று மரியாதைக்குச் சொன்னார்.

அப்போது மழை தொடங்கியது.

எல்லாரும் மண்டபத்துக்கு ஓடினார்கள். நான் அந்தப் புகழ்பெற்ற பொத்தானை அழுத்தினேன். கூரை எழுந்தது, மாலையையும் தன்னோடு எழுப்பியது, பாதி வழியில் வாழைநாரை விழுங்கி நின்றுவிட்டது. நட்ட நடுவே செங்குத்தாக, கறுப்பாக, முதுகில் பூமாலையோடு, படமெடுத்த நாகம்போல் நின்றது. மண்டப வாசலில் நின்ற ஓர் அன்ரி தன்னையறியாமல் கைகூப்பினார்.

நான் உள்ளே இருந்தபடி பொத்தானை அழுத்தினேன், இழுத்தேன், கெஞ்சினேன். இருக்கைகளில் மழை விழ விழ என் தோலில் விழுவதுபோல் துடித்தேன். யாரோ குடையோடு அருகில் வந்தார்கள். மைதிலி.

"ஜொயின்ற் லொக் ஆகிட்டுது," என்றார். "ஃபோர்ஸ் பண்ணாதேங்கோ."

கைப்பையிலிருந்து சிறு கத்தரிக்கோலை எடுத்து, குடையைக் கழுத்தில் சாய்த்துக்கொண்டு, நாரை இரண்டு பக்கமும் வெட்டி உருவினார். கூரை ஒரு பெருமூச்சு விட்டு வந்து மூடிக்கொண்டது.

"அப்பா சொன்னவர், கொஞ்சம் கதைச்சுப் பாக்கட்டாம். உள்ளை இருக்கலாமா?"

இந்த இடத்தில் எந்த ஆண்மகனும் கதவைத் திறந்து, "வாங்கோ," என்றிருப்பான். என் கண்ணில் அவர் முகம் படவில்லை. நனைந்து சொட்டிக்கொண்டிருந்த சேலைத் தலைப்புத்தான் பட்டது.

"ஒரு நிமிஷம்!" என்று கத்தினேன். பூக்கள் கொண்டுவந்த பொலித்தீன் பையைத் தேடியெடுத்து, பிரித்து, அவருடைய இருக்கையில் விரித்தேன். "லெதர் சீற். தண்ணி பட்டால் பழுதாப்போயிடும்."

அவர் பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அதன்மேல் அமர்ந்தார். அது எழுப்பிய சரசரப்பு என் காதில் இன்னும் இருக்கிறது.

அவரிடம் என்னென்ன கேட்பது என்று ஒரு வாரமாக ஒத்திகை பார்த்திருந்தேன். அவருடைய வேலை, விருப்பங்கள், வாழ்க்கை பற்றிய எண்ணங்கள் எல்லாம் அழகிய வாக்கியங்களாக என்னிடம் தயாராக இருந்தன. ஆனால் கையில் ஒரு துணி அகப்பட்டுவிட்டது. கியரைத் துடைத்தேன், கதவைத் துடைத்தேன், அவர் கண்ணாடிப்பக்கம் கையை நீட்டியபோது, "தொடாதேங்கோ, ஈரக்கை," என்றேன்.

அவர் கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார். "உங்களுக்கு என்னட்டைக் கேக்கிறதுக்கு ஒண்டும் இல்லையோ?"

எங்கோ ஒரு துளி விழும் சத்தம் கேட்டது. என் உடல் முழுதும் காதாகியது.

"இருக்கு," என்றேன். "உங்கடை பக்கம் ஒழுகுதோ?"

நம்புங்கள். வாழ்க்கைத் துணையாக வரவிருந்த பெண்ணிடம் நான் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

"இல்லை," என்றார் மைதிலி. கொஞ்சம் யோசித்து, "நான் ஒருக்கா ஓடிப் பாக்கட்டா?" என்றார்.

இடம் மாறினோம். (பொலித்தீனையும் மாற்றினேன். ஓம், அதையும்தான்.) அவர் கிளச்சை விட்டபோது வண்டி துள்ளவில்லை, வழுக்கிக்கொண்டு புறப்பட்டது. ஒரு வாரமாக என்னோடு பல்லைக் கடித்துக்கொண்டிருந்த கியர் அவர் கைக்குள் பூனைபோல் சுருண்டது. நான்கு தெருக்களைச் சுற்றினோம். மழை விட்டது. அவர் என்னைக் கேளாமல் பொத்தானை அழுத்த, கூரை ஒரு முணுமுணுப்புமின்றி மடிந்தது. வெயில் விழுந்த முகத்தோடு அவர் சிரித்தார். அத்தனை அழகான சிரிப்பை நான் அதற்குமுன் கண்டதில்லை. என் நெஞ்சு நிறைந்தது. அம்மாவிடம் போய், "சரிவந்திட்டுது," என்றேன்.

இரண்டு நாள் கழித்துச் சின்னம்மா அழைத்தார். அம்மா தொலைபேசியை நானும் கேட்கும்படி மேசையில் வைத்தார்.

"பெடியன் நல்ல பெடியனாம், அக்கா. குடி இல்லை, சிகரட் இல்லை. எண்டாலும் அவவுக்கு வேண்டாமாம்."

"ஏனாம்?"

"தன்னைப் பொலித்தீனிலை இருத்தினவராம்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர எனக்குத் திறன் போதாது.

"இன்னொண்டும் கேட்டவ," என்றார் சின்னம்மா, தயங்கியபடி. "காரை விக்கிற எண்ணம் இருந்தால் முதல் தனக்குச் சொல்லட்டாம்."

முதலில் கோபம் வந்தது. ஆனால் அணில்களோடும் மேகங்களோடும் இன்னும் சில வாரங்கள் போராடியபின், குளிர்காலம் வருமுன்பே சாவியைக் கொண்டுபோய் மைதிலியிடம் கொடுத்துவிட்டேன். அன்று மதியம் அலுவலகச் சன்னலுக்குப் போகாமல் சோறு சாப்பிட்டேன்.

பிறகு எனக்கும் திருமணம் நடந்தது. வேறொரு பெண்ணோடு, நான்கு கதவுள்ள சாம்பல் நிறக் காரில் போய்ப் பார்த்து. மைதிலிக்கும் நடந்தது. கலியாண மண்டபங்களின் தரிப்பிடத்தில் அந்தச் சிவப்புக் கார் கூரை திறந்தபடி வந்து நிற்கும்போதெல்லாம் என் மனைவி முழங்கையால் என்னை இடிப்பாள்: "இஞ்சை பாருங்கோ, உங்கடை மூத்த தாரம் வருகுது." பிள்ளைகளும் இதைக் கற்றுக்கொண்டார்கள்.

போன மாதம் ஒரு வரவேற்பில் மைதிலியின் கணவரை முதன்முறையாக நேரில் சந்தித்தேன். என் மனைவி சற்றும் கூசாமல், "இவர்தான் உங்கடை காரின்ரை முந்தின புருஷன்," என்று அறிமுகம் செய்துவைத்தாள்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. என் கையை இறுகப் பிடித்து, ஓர் ஓரத்துக்கு அழைத்துப்போய், குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. உங்களோடை இருக்கேக்கை உது உங்களை நித்திரை கொள்ள விட்டதோ?"